மழைக்கால நிலமும் காட்டுப்பூவும் ஒளிப்பட ஆவணத்தில் பெற்ற இடம்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வறள்நிலத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி, குமாரலிங்கபுரம் முதலிய பகுதிகள் பொதுவழக்கில் ‘வறண்ட பூமி’ என்றே அறியப்படுகின்றன. இவ்வடையாளம் நிலத்தின் இயல்பிலிருந்து மட்டும் பிறந்ததன்று. நிலம் எந்தப் பருவத்தில், எந்தக் கருவியால், எந்த நோக்கத்துக்காகப் படமெடுக்கப்பட்டது என்பதற்கும் அதில் பங்குண்டு. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி தொடங்கி இன்றுவரை தென்தமிழகத்தின் நிலக்காட்சி ஒளிப்படம் மேகமற்ற நாளையே பெரிதும் சார்ந்திருந்தது என்பதையும், புயல்மழைக் காலமும் அக்காலத்தில் மட்டுமே பூக்கும் சிறுசெடிகளும் அதனால் விடுபட்டன என்பதையும் இக்கட்டுரை ஒளிப்பட வேதியியல், தாவரச் சித்திர மரபு, அரசின் ஆவணத்தேவை ஆகிய மூன்றின் வழியாக ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒளிப்பட வரலாறு, கரிசல், வடகிழக்குப் பருவமழை, லின்னேயஸ் டிரைப், தாவரச் சித்திரம், தரிசு.

முன்னுரை

தொல்காப்பியர் முல்லைக்குப் பெரும்பொழுதாகக் காரையும் சிறுபொழுதாக மாலையையும் வகுத்தார். நிலத்தைப் பொழுதிலிருந்து பிரித்துக் காணவியலாது என்பது அவ்வகுப்பின் அடிப்படை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்னும் கருத்தைச் சிலப்பதிகாரம் தருகிறது. அதாவது பாலை நிலையான நிலவகையன்று. ஒரு நிலம் ஒரு பருவத்தில் அடையும் கோலம். தமிழிலக்கணம் இவ்வாறு முதற்பொருளாக நிலத்தையும் பொழுதையும் இணைத்தே பேசியிருக்க, நவீன ஆவணங்களில் பொழுது உதிர்ந்து நிலம் மட்டும் எஞ்சியது. அவ்வாறு உதிர்ந்ததில் ஒளிப்படக் கருவிக்கு இருந்த பங்கு இதுவரை போதிய அளவு பேசப்படவில்லை.

அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரம் இதற்கு ஏற்ற ஆய்வுக்களம். ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. சித்திரை, வைகாசியில் இடியுடன் கூடிய கோடைமழை சில நாள் பெய்வதுண்டு. எஞ்சிய மாதங்களில் கரிசல் வெடித்துக் கிடக்கும். மழை விழுந்ததும் அதே கரிசல் காலை இழுக்கும் சேறாகிவிடும். கண்மாய்க் கரைகளிலும் ஓடைச் சரிவுகளிலும் மானாவாரி வரப்புகளிலும் தும்பை, விஷ்ணுகிராந்தி, ஓரிதழ்த்தாமரை, கொழுஞ்சி, ஆடுதின்னாப்பாளை முதலியன தழைக்கும். வேலிகளில் செங்காந்தள் ஏறும். ஆவாரை பொன்மஞ்சளாகப் பூக்கும். இவற்றுள் ஓராண்டுச் செடிகள் பல தை, மாசிக்குள் விதை உதிர்த்துக் காய்ந்துவிடும். பங்குனியில் வந்து பார்ப்பவருக்கு அவை இருந்த சுவடே தெரியாது. ஆவணப்படுத்துவோர் பெரும்பாலும் பங்குனியில்தான் வந்தனர் என்பதிலிருந்தே இவ்வாய்வின் சிக்கல் தொடங்குகிறது.

டிரைப்பின் பயணப் பருவம்

சென்னை மாகாணத்தில் ஒளிப்படத்தை அரசின் ஆவணக் கருவியாக்கியவர்களுள் முதன்மையானவர் லின்னேயஸ் டிரைப். படை அலுவலரான அவர் 1855இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற ஆங்கிலேயத் தூதுக்குழுவுடன் ஒளிப்படக்காரராகச் சென்றார். அதே குழுவில் கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்னும் ஓவியரும் இருந்தார். ஒரே பயணத்துக்கு ஓவியர் ஒருவரும் ஒளிப்படக்காரர் ஒருவரும் தேவைப்பட்டனர் என்பது அன்றைய நிர்வாகம் கருவியின் எல்லையை உணர்ந்திருந்ததைக் காட்டுகிறது. ஆகத்டில் தொடங்கிய அப்பயணத்தில் மழையும் நோயும் டிரைப்பின் வேலைநாள்களைப் பெரிதும் குறைத்தன. அப்படியிருந்தும் பர்மாவைப் பற்றி 120 படங்கள் கொண்ட தொகுதியை அவர் உருவாக்கினார்.

1856இல் அவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857 டிசம்பர் நடுவில் பெங்களூரிலிருந்து புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் வழியாகச் சென்று 1858 ஏப்ரல் இறுதியில் சென்னையை அடைந்தார். இப்பயணத்தின் விளைவாக 1858இல் வெளியான தொகுதிகளில் மதுரைக்கு மட்டும் நான்கு பகுதிகள் ஒதுக்கப்பட்டன. கோயில்களும் திருமலை நாயக்கர் அரண்மனையும் அவற்றில் மிகுதி. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் தொடர்படங்களாக எடுத்து ஒட்டிய நீள்படம் இன்றும் ஒளிப்பட வரலாற்றாசிரியர்களை வியக்கவைக்கிறது.

இங்குக் கவனிக்கவேண்டியது பயணத்தின் காலம். டிசம்பர் நடுவில் வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கும். ஏப்ரலில் கோடை முற்றும். மதுரையை அவர் படமெடுத்தது சனவரி, பிப்ரவரி மாதங்களில். வைகையையும் அதன் குறுக்கே அமைந்த தரைப்பாலத்தையும் காட்டும் அவருடைய புகழ்பெற்ற படமும் அம்மாதங்களுக்கு உரியதே. ஆக, மாகாணத்தின் தென்பகுதி குறித்து அரசு செலவிட்டு உருவாக்கிய முதல் பெரும் ஒளிப்படத் தொகுதி முழுவதும் மழைக்குப் பிந்திய, வெயிலுக்கு முந்திய ஓர் இடைவெளியில் எடுக்கப்பட்டது. ஐப்பசியும் கார்த்திகையும் அதில் இல்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதி அன்று இராமநாதபுரம் சமீன்தாரியைச் சேர்ந்து மதுரை மாவட்டத்துள் அடங்கியிருந்தது. இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல். இன்றைய விருதுநகர் மாவட்டம் பிரிந்தது 1985இல். டிரைப்பின் கருவி மதுரைக்குத் தெற்கே இறங்கவில்லை. திருச்சுழியில் குண்டாற்றங்கரையிலமைந்த திருமேனிநாதர் கோயில் பாடல்பெற்ற பழமையுடையதாயினும் அத்தொகுதிகளில் இடம்பெறவில்லை. நினைவுச்சின்னம் உள்ள இடத்தை மட்டும் நாடிய ஒரு திட்டத்தில் கோயிலே விடுபட்டுவிட்டால், அதைச் சுற்றியுள்ள மானாவாரி நிலம் இடம்பெறும் என எதிர்பார்க்க வழியில்லை. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் செலவைக் காரணங்காட்டி ஒளிப்படப் பணியையே நிறுத்தினார். தெற்கே தொடர்ந்திருக்கக்கூடிய வாய்ப்பும் அத்துடன் முடிந்தது.

தூரிகையால் வந்த முகில்

டிரைப் நல்ல வானிலையைத் தேர்ந்தெடுத்ததை அவருடைய விருப்பமாக மட்டும் கொள்ளவியலாது. அன்றைய வேதியியல் அதற்குமேல் இடம்தரவில்லை. வெள்ளி உப்புகள் நீலம், ஊதா, புறஊதா ஒளிகளுக்கு மட்டுமே இயல்பாக உணர்வுடையவை. எனவே நிலத்துக்குப் போதிய ஒளிபட்டுப் பதிவாவதற்குள் நீலவானம் மிகையாகப் பதிந்து, படியில் வெறும் வெண்மையாக நின்றுவிடும். வானத்தில் முகில் இருந்தாலும் அது அவ்வெண்மைக்குள் கரைந்துபோகும்.

டிரைப் இக்குறையைத் தூரிகையால் தீர்த்தார். மெழுகேற்றிய தாள் நெகட்டிவ்கள் பலவற்றின்மேல் நிறமி பூசி முகில்களை வரைந்தார். மரத் தழைகளையும் சில இடங்களில் திருத்தினார். இன்று உலக அருங்காட்சியகங்களில் காணப்படும் அவருடைய தென்னிந்திய, பர்மியப் படங்களின் வானில் தெரியும் முகில்களுள் பல கருவி கண்டவை அல்ல, கை வரைந்தவை. இதை மோசடி என்று கொள்வது காலமயக்கம். அதே ஆண்டுகளில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு வேறொரு நெகட்டிவும் எடுத்து ஒரே படியில் இணைத்துப் பெரும்புகழ் பெற்றார். வானமும் நிலமும் ஒரே கணத்தில் ஒரே தகட்டில் அமைவது அரிதாக இருந்த காலம் அது. ஆயினும் வரலாற்று ஆவணம் என்ற நிலையில் ஒரு விளைவு உண்டு. டிரைப்பின் முகிலைக் கொண்டு அந்நாளின் வானிலையை அறியமுடியாது. கல்வெட்டின் எழுத்துக்கு அப்படம் சான்று, வானத்துக்குச் சான்றன்று.

மழை வேறு வகையிலும் பகையாயிற்று. 1851இல் அறிமுகமான ஈரக் கொலோடியன் முறையில் தகட்டைப் பூசி, ஒளிகாட்டி, உருத்துலக்கும் வேலைகள் அனைத்தும் பூச்சு உலருமுன் சில நிமிடங்களில் முடியவேண்டும்; அதற்கு இருட்டுக் கூடாரமும் வேதிக்கரைசல்களும் உடன்செல்லவேண்டும். சேறான கரிசல் தடத்தில் இவற்றை ஏற்றிய மாட்டுவண்டி அச்சுவரை புதையும். மெழுகுத்தாளை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்ளலாம் என்பது நன்மை. ஆனால் அதற்கு ஒளிகாட்ட நிமிடக்கணக்கில் காலம் வேண்டும். கருமுகில் மூடிய வானின்கீழ் அக்காலம் மேலும் நீளும். புயற்காற்றில் முக்காலியே நிற்காது.

பிற்காலத்தில் ஜெலட்டின் உலர்தகடுகள் வந்தபின்னும் வெப்பமும் ஈரமும் சேர்ந்த சூழலில் ஜெலட்டின் இளகுவதும் பூஞ்சை பிடிப்பதும் ஓயவில்லை. வெப்பநாடுகளுக்கென்றே தேக்கு மரத்தில் பித்தளைக் கட்டுப்போட்டுக் கருவிகள் செய்யப்பட்டதன் காரணம் இதுவே. கருவி மழையைத் தாங்குமாறு செய்யப்பட்டதேயன்றி மழையைப் பார்க்குமாறு செய்யப்படவில்லை.

ஆவாரை கருத்த கதை

பூவின் நிலை வானத்தினும் இடர்ப்பாடானது. கரிசல் நிலத்தின் மழைக்காலப் பூக்களில் மஞ்சளுக்கு முதலிடம் உண்டு. ஆவாரை, நெருஞ்சி இரண்டையும் நினைத்தாலே போதும். செங்காந்தளோ மஞ்சளில் தொடங்கிச் செம்மையில் முடிவது. நீலத்தை மட்டும் உணரும் தகட்டில் மஞ்சளும் சிவப்பும் ஏறத்தாழக் கருப்பாகவே பதியும். மாறாக விஷ்ணுகிராந்தியின் நீலம் வெளுத்துத் தும்பையின் வெண்மையோடு ஒன்றிவிடும். நேரில் காண்பவர் கண்ணைக் கவரும் பூ படத்தில் இருளாகவும், புல்லிடையே தேடவேண்டிய பூ ஒளியாகவும் அமையும் தலைகீழ் நிலை இது. ஆவாரங்காட்டை 1858இல் ஒருவர் படமெடுத்திருந்தால், பூத்த புதருக்கும் பூக்காத புதருக்கும் அதில் வேறுபாடு கண்டிருக்கமுடியாது.

1873இல் ஜெர்மானிய வேதியியலர் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், சாயப்பொருள்களைச் சேர்ப்பதால் தகட்டின் உணர்வைப் பச்சை, மஞ்சள்வரை நீட்டமுடியும் என்று கண்டறிந்தார். ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் அதன் வழிவந்தவை. மஞ்சள் அவற்றில் மீண்டது, சிவப்பு மீளவில்லை. எல்லா நிறங்களுக்கும் உணர்வுடைய பான்குரோமாட்டிக் தகடுகள் 1906இல் விற்பனைக்கு வந்தபின்னரே, மஞ்சள் அல்லது சிவப்பு வடிகட்டியைப் பொருத்தி நீலவானை இருளச்செய்து வெண்முகிலைப் பிரித்துக்காட்டுவது எளிதாயிற்று. செங்காந்தளின் செம்மைக்கும் அப்போதுதான் சாம்பல்நிறத்தில் ஓர் இடம் கிடைத்தது.

நிறத்தைவிடக் காற்று தீராத இடர். பண்டைத் தமிழர் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டனர்: கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. கொண்டலும் வாடையும் வீசும் காலமே கரிசலின் பூக்காலம். ஒரு சாண் உயரத் தும்பையும் தரையோடு படரும் ஓரிதழ்த்தாமரையும் அக்காற்றில் ஓயாது அசைவன. சிறுபூவைப் பெரிதாகக் காட்டுமளவு நெருங்கினால், ஒரு மில்லிமீட்டர் அசைவுகூடப் படத்தில் கலங்கலாகும். இரண்டு நிமிட ஒளிகாட்டலில் கோயில் கோபுரம் நிற்கும், தும்பை நில்லாது. மேலும் விஷ்ணுகிராந்தி போன்றவை காலையில் விரிந்து உச்சிக்குப்பின் குவிபவை. ஒளி, காற்று, பூ மூன்றும் ஒத்துவரும் பொழுது ஒரு நாளில் மிகச் சிறிது.

சித்திரக்காரர் காத்த பூ

இக்காரணங்களால் காட்டுப்பூவின் ஆவணம் நெடுங்காலம் ஓவியர் கையிலேயே இருந்தது. ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தென்னிந்தியத் தாவரச் சித்திரத் தொகுதிகளில் 2101 படத்தகடுகள் உள்ளன. அவற்றின் மூலங்களை வரைந்தவர்களுள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் தலையாயவர்கள். வைட் 1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணைகளின் பொறுப்பாளராக இருந்தார் என்பது கரிசல் வரலாற்றோடு தொடர்புடைய செய்தி. பருத்திக்காகக் கரிசலை அளந்த அரசு, அதே காலத்தில் அதே நாட்டின் களைகளையும் சிறுசெடிகளையும் ஓர் அலுவலரின் தனியார்வத்தால் சித்திரமாகப் பெற்றது.

ஓவியருக்கு இருந்த வசதி வெளிப்படையானது. பறித்துவந்த செடியைக் கூரையின்கீழ் வைத்து வரையலாம். வெளியே புயல் வீசினாலும் தாள் நனையாது. வேர், காய், விதை, பூவின் உட்பகுதி ஆகிய வேறுவேறு காலத்து உறுப்புகளை ஒரே தாளில் சேர்க்கலாம். 1843இல் இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை நேரடியாகத் தாளில் கிடத்தி நீலப்படிகளாக்கித் தாவரவியலுக்கு ஒளிப்படத்தின் வாயிலைத் திறந்திருந்தும், சென்னை மாகாணத்துத் தாவர நூல்கள் கோட்டோவியத்தையே நம்பின. பி. எஃப். பைசன் 1915 முதல் 1920 வரை வெளியிட்ட நீலகிரி, பழனிமலை உச்சித் தாவர நூலும் சித்திரங்களைக் கொண்டது. அவற்றுள் பல பைசனின் மனைவியும் லேடி போர்னும் வரைந்தவை. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்தில் கே. எம். மேத்யூ 1980களில் நிறைவேற்றிய தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவரத் தொகுதிகளிலும் கோட்டோவியமே சான்று.

இம்மரபின் விலை ஒன்றுண்டு. அதைச் சித்திர மரபைப் போற்றுவோர் சொல்வதில்லை. தாவரச் சித்திரத்தில் நிலம் கிடையாது. வெள்ளைத் தாளின் நடுவே செடி மிதக்கும். அது எந்த ஓடைச் சரிவில், எந்தப் புல்லோடு, எந்த வானின்கீழ் நின்றது என்பது சித்திரத்துக்கு வேண்டாத செய்தி. ஒளிப்படத்தில் நிலம் இருந்தது, பூ இல்லை. சித்திரத்தில் பூ இருந்தது, நிலம் இல்லை. ஜே. எஸ். கேம்பிள் தொடங்கி 1936இல் நிறைவுற்ற சென்னை மாகாணத் தாவர நூலோ இரண்டும் இன்றிச் சொல்லால் மட்டும் அமைந்தது. முல்லை என்ற ஒரே சொல் பூவையும் நிலத்தையும் பொழுதையும் சேர்த்துக் குறித்த மொழியில் இப்பிரிவு கண்ணுக்குப் புலப்படுமாறு எங்கும் சேர்த்துவைக்கப்படவில்லை.

இரு மரபையும் இணைத்திருக்கக்கூடியவர் மா. கிருஷ்ணன். 1912இல் பிறந்த அவர் எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். பைசனிடம் தாவரவியல் பயின்று அவருடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் களப்பயணம் சென்றவர். பைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றவர். பிற்காலத்தில் தாமே உறுப்புகளைச் சேர்த்தமைத்த கருவியால் கருப்புவெள்ளையில் காட்டுயிர்களைப் படமெடுத்தார். ஆனால் அவர் கருவி பெரும்பாலும் யானையையும் காட்டெருதையும் நாடியது. பூவையும் சிறுசெடியையும் அவர் சொல்லாலும் கோட்டோவியத்தாலும் பதிந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளின் தொகுப்புக்கு ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று பெயர் அமைந்திருப்பது, மழை எங்கே பதிவாயிற்று என்பதையும் தற்செயலாகக் காட்டிவிடுகிறது. கரிசலுக்கும் இதுவே நேர்ந்தது. கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி அந்நிலத்தின் சொற்களைக் காத்தது. அதற்கு ஈடான ஒளிப்படத் தொகுதி கரிசலின் கார்காலத்துக்கு அமையவில்லை.

பஞ்சத்தின் படமும் புயலின் எச்சமும்

நோக்கமும் சேர்ந்துகொண்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சத்தில் டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் எடுத்த எலும்புந்தோலுமான மனிதர்களின் படங்கள் இங்கிலாந்துவரை சென்று அதிர்ச்சி ஏற்படுத்தின. சென்னை மாகாணத்து ஊர்ப்புறம் உலகின் கண்ணில் படமாகப் பதிந்த முதல் பெருநிகழ்வு அதுவே எனலாம். அப்படங்களின் மனிதநேய மதிப்பும் அவற்றின் மீதான அறக்கேள்விகளும் வேறொரு கட்டுரைக்கு உரியவை. இங்கு வேண்டுவது ஒன்றே: மழை பொய்த்த ஆண்டு படமாயிற்று, மழை பெய்த ஆண்டு படமாகவில்லை. பெய்த ஆண்டில் செய்தி இல்லை.

பெய்ததும் பேரிடரானால் செய்தி உண்டு. 1964 டிசம்பர் 22, 23ஆம் நாள்களின் இரவில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அதே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அப்புயலின் படமாக மக்கள் மனத்தில் நிற்பவை இடிந்த தேவாலயமும் சிதைந்த இருப்புப்பாதையுமே. அவை புயலின் எச்சங்கள், வெயிலில் எடுக்கப்பட்டவை. புயல் கடந்த இரவை எந்தக் கருவியும் அங்குக் காணவில்லை.

வானத்தைப் படமெடுக்கும் தொழில்நுட்பம் உலகில் இல்லாமலில்லை. 1882இல் வில்லியம் ஜென்னிங்ஸ் பிலடெல்பியாவில் மின்னலைப் படமெடுத்தார். 1896இல் அனைத்துலக முகில் வரைபடநூல் ஒளிப்படங்களுடன் வெளிவந்தது. தமிழ்நாட்டிலேயே 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் நாள்தோறும் சூரியனைப் படமெடுத்துவருகிறது. நூறாண்டுக்கும் மேற்பட்ட தொடர்ச்சியுள்ள அவ்வரிசை உலகின் அரிய செல்வம். அதில் விடுபட்ட நாள்கள் பல முகில் மூடிய நாள்கள். தமிழ்நாட்டின் மிக நீண்ட வான ஒளிப்பட வரிசையில் மழைக்காலம் வெற்றிடமாகவே குறிக்கப்பட்டுள்ளது என்பது இவ்வாய்வின் பொருளுக்கு ஒத்த முரண். சூரிய ஆய்வகத்தை இதற்காகக் குறைகூற ஒன்றுமில்லை. அதன் வேலை சூரியன்.

தரிசு என்னும் வகைப்பாடு

படத்தின் பருவச்சார்பு அழகியல் குறை மட்டுமாக இருந்திருந்தால் இத்துணை விரித்துரைக்கத் தேவையில்லை. நிலத்தின் வகைப்பாடு பார்வையைச் சார்ந்தது. வருவாய்த்துறை ஆவணங்களின் தரிசு, புறம்போக்கு என்னும் சொற்கள் வரி, உடைமை நோக்கிலானவை. அவை செடியில்லா நிலத்தைக் குறிப்பனவல்ல. ஆனால் 2000இல் வெளியான இந்தியத் தரிசுநில வரைபடநூல் முதலாக அவ்வகைப்பாடு செயற்கைக்கோள் படங்களின் துணையோடு வரையப்படுகிறது. ஒளியியல் செயற்கைக்கோளால் முகிலை ஊடுருவமுடியாது. ஆகவே வகைப்பாட்டுக்கு மேகமற்ற நாளின் படம் தெரிவு செய்யப்படும். பிற்பதிப்புகளில் பல பருவத்துப் படங்கள் ஒப்பிடப்பட்டாலும், வடகிழக்குப் பருவமழை உச்சத்திலிருக்கும் வாரங்களில் தென்தமிழகத்தின்மேல் மேகமற்ற நாள் அரிது. 1858இல் தாள் நெகட்டிவுக்கு இருந்த அதே தடை, வேறு உயரத்திலிருந்து, தொடர்கிறது.

இதற்கு மறுப்புரைக்க இடமுண்டு. செயற்கைக்கோள் படத்தில் ஒரு சாண் உயரச் செடியின் பூ எப்பருவத்திலும் தெரியாது. நிலத்தை வகைப்படுத்தப் பூ தேவையுமில்லை என்பர். முதற்கூற்று உண்மை. இரண்டாவது ஏற்கத்தக்கதன்று. மேய்ச்சலும் மூலிகைச் சேகரிப்பும் தேனீயும் அந்தப் பூக்காலத்தை நம்பியவை. ஆடு மேய்ப்பவருக்குக் கார்த்திகையின் புறம்போக்கு தரிசாகத் தோன்றாது. சீமைக்கருவேல் ஆண்டு முழுவதும் பசுமையாக நின்று வானிலிருந்து நோக்குவோர்க்குத் ‘தாவரமுள்ள நிலம்’ என்று தோன்றுவதும், மூன்று மாதம் மட்டும் பூத்து ஒடுங்கும் கரிசற்புல்வெளி ‘ஒன்றுமில்லாத நிலம்’ என்று தோன்றுவதும் பருவம் விடுபட்டதன் நேர் விளைவுகள்.

விருதுநகர் மாவட்டம் இ. குமாரலிங்கபுரத்தில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என்பது 2023இல் அறிவிக்கப்பட்டது. பருத்தியாலும் நெசவாலும் வாழ்ந்த வட்டாரத்துக்கு வேலைவாய்ப்பு வருவது வரவேற்கத்தக்கது. அதை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் பெருந்திட்டங்கள் வரும் நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்ற கேள்வி எப்போதும் பின்னரே எழும். அப்போது எடுத்துக்காட்டப் பங்குனியின் படங்கள் கிடைக்கும். கார்த்திகையின் படங்கள் கிடைப்பது ஐயம். 2012இல் ஏவப்பட்ட ரிசாட்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் முகிலை ஊடுருவிக் கண்மாயின் நீர்ப்பரப்பை அளக்கவல்லவை. ஆவாரையின் மஞ்சள் அவற்றுக்கும் தெரியாது.

கைப்பேசியும் நாள்குறிப்பும்

டிரைப்பைத் தடுத்த தடைகளுள் பெரும்பாலானவை இன்று இல்லை. ஓரளவு நீர்காப்புடைய கைப்பேசி, கருமுகிலின்கீழ் நொடியின் நூற்றிலொரு பங்கில் தும்பையைப் படமெடுக்கும். காற்றின் அசைவு அவ்வேகத்தில் உறைந்துவிடும். புயல்வானின் பரந்த மென்னொளி நிழலை நீக்கிப் பூவின் நிறத்தை உச்சிவெயிலைவிட உண்மையாகக் காட்டும் என்பதை ஒளிப்படக்காரர் அனைவரும் அறிவர். 2008இல் தொடங்கப்பட்ட இந்தியப் பல்லுயிர் இணையத்தளம் போன்றவற்றில் பொதுமக்கள் எடுத்த செடிகொடிப் படங்கள் இனப்பெயரோடு சேர்கின்றன. கோட்டோவியமும் நிலப்படமும் 170 ஆண்டுகள் பிரிந்திருந்தபின் ஒரே சட்டகத்தில் சேரும் வாய்ப்பு கரிசலுக்கு இப்போதுதான் கிடைத்துள்ளது.

ஆனால் இப்படங்களின் பெரும்பகுதி அத்தகைய தளங்களை அடைவதில்லை; வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. கைப்பேசி ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாள், நேரம், இடத்தின் ஆயத்தொலை ஆகியவற்றைப் பொதிந்துவைக்கிறது. வாட்ஸ்அப் வழியே வழக்கமான முறையில் அனுப்பும்போது படம் சுருக்கப்பட்டு அக்குறிப்புகள் நீங்கிவிடுகின்றன. உலர்தாவரகத்தின் ஒவ்வொரு தாளிலும் சேகரித்தவர் பெயர், ஊர், நாள் ஆகியன எழுதிய சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். சீட்டு இழந்த தாளை எந்த ஆய்வாளரும் சான்றாகக் கொள்வதில்லை. வைகைத் தரைப்பாலத்தை டிரைப் எடுத்தது எந்த ஆண்டு, எந்த மாதம் என்பது இன்றும் தெரியும். கடந்த கார்த்திகையில் குமாரலிங்கபுரத்து வரப்பில் நின்று ஒருவர் எடுத்து நண்பருக்கு அனுப்பிய செங்காந்தள் படம், மூன்றாவது கைக்குச் செல்லும்போது, நாளும் ஊரும் அற்ற ஒரு பூவின் படமாகவே சென்று சேர்கிறது.